சமையலறைப் பொருளை முகத்தில் பூசப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

வீட்டில் இருப்பதைக் கொண்டே முகப்பூச்சு செய்து பார்க்கலாம் என்று முதல்முறையாக யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடலை மாவு, தயிர், மஞ்சள், எலுமிச்சை, தேன், ஆப்ப சோடா என்று ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். கடைசியில் எல்லோரும் "சாப்பிடுகிற பொருள்தானே, என்ன ஆகிவிடும்?" என்று முடிப்பார்கள். என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் பார்த்தோம். என் அண்ணன் மகள் தன் நிச்சயதார்த்தத்துக்குச் சில நாள் முன்பு, எலுமிச்சை மூடியில் சர்க்கரையைத் தொட்டு முகத்திலும் கழுத்திலும் தேய்த்துவிட்டு, அரைகுறையாகக் கழுவிக்கொண்டு, வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு துணிக்கடைக்குப் போய்வந்தாள். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இரவு எரிச்சல், அதற்கடுத்த நாள் சிவப்பு, அப்புறம் தாடையிலிருந்து கழுத்துவரை சாறு வழிந்த தடமெல்லாம் கோடு கோடாகப் பழுப்பு நிறம். விரல் பட்ட இடத்தில் விரல் அச்சே இருந்தது. அது மங்க மாதக்கணக்கில் ஆயிற்று.

அவளைக் கூட்டிக்கொண்டு மருத்துவர்களிடம் அலைந்தபோது கேட்டதையும் அதற்குப் பிறகு தேடித் தெரிந்துகொண்டதையும் வரிசையாகத் தருகிறேன். வீட்டுப் பொருளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நான் இன்றைக்கும் பயத்தம் மாவு தேய்த்துத்தான் குளிக்கிறேன். ஆனால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் தோலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்பது சரியில்லை. பச்சை மிளகாயைத் தினமும் சாப்பிடுகிறோம், அதை நறுக்கிய கை எப்படி எரிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

1. நீங்கள் தொடங்கலாமா என்று பாருங்கள்

கரப்பான், சொரியாசிஸ், அடிக்கடி முகம் சிவந்து சூடேறும் தொல்லை, சீழ் வைத்த பரு, ஆறாத புண் இவற்றில் எது இருந்தாலும் வீட்டுப் பூச்சைத் தள்ளிவையுங்கள். இந்தத் தோல்களில் மேல்தடுப்பு ஏற்கெனவே பலவீனமாக இருக்கும், எதைப் பூசினாலும் உள்ளே இறங்கும்.

பருவுக்கு அடாபலீன், டிரெட்டினாயின், பென்சாயில் பெராக்சைடு போன்ற களிம்பு பூசிக்கொண்டிருப்பவர்களும் கூடவே தயிரோ தக்காளியோ பூச வேண்டாம். அந்த மருந்துகள் தோலை ஏற்கெனவே உலர்த்தி மென்மையாக்கி வைத்திருக்கும். வாக்சிங், திரெடிங், பிளீச், லேசர் எது செய்திருந்தாலும் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

அடுத்தது உணவு ஒவ்வாமை. பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம் என்று ஏதாவது ஒன்று சாப்பிட்டால் உடம்பு தடித்துப்போகிறவர்கள் அதை முகத்திலும் பூசக் கூடாது, இதில் விதிவிலக்கே இல்லை. தோல் வழியாகவே புதிதாக ஒவ்வாமை உண்டாவதும் நடக்கக்கூடியதுதான். ஜப்பானில் முகம் கழுவும் சோப்பு ஒன்றில் கோதுமைப் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் சேர்த்திருந்தார்கள். அதைப் போட்டுக் கழுவியவர்களில் 2,000 பேருக்கும் மேல் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை ரொட்டியும் நூடுல்சும் எந்தச் சிக்கலும் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 2011-இல் அந்தச் சோப்பைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். வெடிப்பு விட்ட, புண்ணான தோலில் உணவுப் பொருளைத் திரும்பத் திரும்பத் தேய்க்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

2. கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால்

பெரியவர்களுக்குச் செய்வதைக் குழந்தைக்குச் செய்யாதீர்கள். மாவை உருட்டித் தேய்த்து முடி எடுப்பது, மஞ்சள் பூசுவது, கடுகெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ தேய்த்து ஊறவைப்பது எல்லாமே பிஞ்சுத் தோலுக்கு அதிகம். தேனை ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உதட்டிலோ கன்னத்திலோ தடவவே கூடாது, அது வாய்க்குள் போகும். பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நுண்ணுயிரின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும், அவை அந்த வயதுக் குடலில் வளர்ந்து நச்சு உண்டாக்கும். பாட்டியிடம் இதைச் சொல்லுவது கஷ்டம் என்று தெரியும், ஆனாலும் சொல்லுங்கள்.

3. பொருள்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாதவை: முதலிடம் எலுமிச்சைக்குத்தான். நம் தோலின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறக்குறைய 4.5 முதல் 5.5 வரை இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 2.5-க்கும் நடுவில், அதாவது பல நூறு மடங்கு அதிக அமிலம். அதைவிடப் பெரிய சங்கதி வெயில். எலுமிச்சையில் ஃப்யூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் படிந்திருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்துபோகும். உடனே தெரியாது, ஒரு நாள் கழித்துத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், அதனால் எதனால் வந்தது என்றே பலருக்குப் பிடிபடாது. வெளிநாட்டுக் குறிப்புகளில் வருவது பெரிய மஞ்சள் பழம், நம் கடையில் கிடைப்பது சின்னப் புளிப்பு எலுமிச்சை. இந்த வகைப் பழத்தால்தான் இப்படிப்பட்ட காயம் அதிகம் வருகிறது. அதிலும் சாற்றைவிடப் பழத்தின் தோலில்தான் அந்த ஃப்யூரோகூமரின் கூடுதல். பிழிந்த மூடியை அப்படியே கன்னத்தில் தேய்ப்பது இருப்பதிலேயே மோசமான முறை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆப்ப சோடா அதற்கு நேர் எதிர்ப்பக்கம். கரைத்தால் பி.எச். 8-க்கு மேல் போய்விடும், தோலின் இயல்பான அமிலப் படலம் கலைந்து வறண்டு எரியும். சோடாவையும் எலுமிச்சையையும் சேர்த்தால் நுரைக்கும், நுரைப்பதைப் பார்த்து அழுக்கு வெளியேறுகிறது என்று நினைப்பார்கள். அமிலமும் காரமும் சேர்ந்து கரியமில வாயு வெளிவருகிறது, அவ்வளவுதான்.

பச்சைப் பூண்டைப் பருவின் மேல் வைத்துக் கட்டுவது தோலைக் கொப்புளிக்க வைக்கும். லவங்கப்பட்டைத் தூள், கிராம்பு எண்ணெய் இரண்டும் எரிச்சலும் தரும், ஒவ்வாமையும் தரும். வினிகரை நீர்க்காமல் வைத்துத் தோல் புண்ணானவர்கள் உண்டு. பப்பாளிக்காயின் பால் புரதத்தையே கரைக்கக்கூடியது, கறி வேக அதைப் போடுவதே அதற்காகத்தான். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், வாய்க்கும் கண்ணுக்கும் பக்கத்தில் அது வேண்டாம். சர்க்கரை, கல்லுப்பு, காபித்தூள் கொண்டு முகத்தைத் தேய்க்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், பருவும் பரவும். பற்பசை சமையலறைப் பொருள் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், பருவுக்கும் தீக்காயத்துக்கும் அது வேண்டாம்.

பார்த்துப் பயன்படுத்த வேண்டியவை: மஞ்சள் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நம்புகிறோம். மஞ்சளுக்கே தொடு ஒவ்வாமை வருகிறவர்கள் இருக்கிறார்கள், பல வருடம் பூசிய பிறகும் வரலாம். தயிரில் லாக்டிக் அமிலம் மிதமாக இருக்கும், புதுத் தயிர் பெரும்பாலும் சிக்கல் தராது, புளித்துப்போனது எரிக்கும். தேங்காய் எண்ணெய் வறண்ட கைகால்களுக்கு நல்லது. பரு வரும் முகத்தில் துவாரத்தை அடைத்துக்கொள்ளும், பொடுகோடு சேர்ந்து முகத்தில் செதில் உதிர்பவர்களுக்கு எண்ணெய் பூசினால் பொடுகுக்குக் காரணமான பூஞ்சை இன்னும் வளரும். சோற்றுக் கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால்தான் அரிப்புக்குக் காரணம். மடலைக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கால் மணி நேரம் வடியவிட்டு, நன்றாகக் கழுவி, பச்சைத் தோலை முழுக்கச் சீவிய பிறகு உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சதையை மட்டும் எடுங்கள். தக்காளிச் சாறும் புளிப்புதான், உணர்ச்சி மிகுந்த தோலுக்கு வேண்டாம்.

ஓரளவு தைரியமாகத் தொடங்கக்கூடியவை: சலித்த பயத்தம் மாவு, கடலை மாவு, நைசாக அரைத்த ஓட்ஸ், வெள்ளரிக்காய். இதில் ஓட்ஸுக்கு மட்டும் மருத்துவ ஆதாரம் வலுவாக இருக்கிறது. நுணுக்கிய ஓட்ஸைத் தோல் பாதுகாப்புப் பொருளாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003-இல் ஏற்றுக்கொண்டது. நம் ஊர் வெயிலில் அரிக்கும் தோலுக்கு இது இதமாக இருக்கும். இரண்டு ஸ்பூன் போதும், தனியாகப் பெரிய பாக்கெட் வாங்க வேண்டாம்.

வெயிலுக்குத் தடுப்பாக எந்த வீட்டுப் பூச்சையும் நம்பாதீர்கள். தேங்காய் எண்ணெயோ கற்றாழையோ வெயிலைத் தடுக்காது. இந்த ஒரு விஷயத்துக்குக் கடையில் விற்கும் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேலான சன்ஸ்கிரீன்தான் வழி. அப்புறம் "நிறம் கூடும்" என்ற பேச்சு. பிறந்த நிறத்தை எந்த மாவும் மாற்றாது, மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. நிறத்துக்காக என்று தொடங்குகிறவர்கள்தான் எலுமிச்சை, சோடா என்று போய்க் கடைசியில் கருத்துப்போன தழும்போடு நிற்கிறார்கள். இதை மனம் நொந்து சொல்கிறேன்.

4. வாங்கும்போதும் அரைக்கும்போதும் கவனிக்க வேண்டியவை

பாக்கெட் இல்லாமல் உதிரியாக விற்கும் பொடியை வாங்காதீர்கள். பாக்கெட்டில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், தயாரித்த தேதி, தயாரித்தவர் முகவரி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையை வெட்டி எடுத்து வையுங்கள், பின்னால் அது தேவைப்படும். மஞ்சள்தூளில் நிறத்துக்காக மெட்டானில் மஞ்சள் சாயமும், சில நேரம் ஈயக் குரோமேட்டும் கலக்கப்படுவது உண்டு. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூளைப் போட்டு அப்படியே விடுங்கள். நல்ல தூள் அடியில் தங்கி, தண்ணீர் வெளிறிய மஞ்சளாக இருக்கும். சாயம் கலந்ததென்றால் தண்ணீர் பளிச்சென்று அடர் மஞ்சளாகும். இது சாயத்தைக் காட்டும் சோதனை மட்டும்தான், ஈயத்துக்கு ஆய்வகம்தான். விரலி மஞ்சளும் சில இடங்களில் சாயம் ஏற்றப்பட்டு வருகிறது, பளபளவென்று எல்லாம் ஒரே நிறமாக இருப்பதைத் தவிருங்கள். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்குகளின் பொடியும் விற்கிறார்கள், நம்பகமான நாட்டு மருந்துக் கடையில் கிழங்காகவே வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது.

குளியல் பொடி, நலங்கு மாவு வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் இவற்றோடு கார்போகரிசியும் சேர்ப்பார்கள். கார்போகரிசியில் சோராலென் இருக்கிறது. எலுமிச்சை விஷயத்தில் ஃப்யூரோகூமரின் என்று சொன்னேனே, அந்த வகைப் பொருள்தான் இதுவும். வெண்புள்ளிக்கு இதைப் பூசி வெயில் காட்டும் வழக்கம் வந்ததே இது வெயிலோடு சேர்ந்து தோலைக் கருக்க வைப்பதால்தான். காலையில் தேய்த்துக் குளித்துவிட்டு வெயிலில் வேலைக்குப் போகிறவர்கள் இது இல்லாத கலவையாகக் கேட்டு வாங்குங்கள். பட்டியல் போடாமல் "21 மூலிகைகள்" என்று மட்டும் எழுதியிருக்கும் பாக்கெட்டை வாங்காமல் வந்துவிடலாம்.

மில்லில் கொடுத்து அரைக்கிறீர்களா? உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். குழம்பு மிளகாய்த்தூள் அரைத்த கையோடு உங்கள் பயறைப் போட்டால் மிளகாய் நெடி அதில் ஏறிவிடும். சீயக்காய்க்குத் தனி மெஷின் இருக்கும் மில்லாகப் பாருங்கள். வீட்டு மிக்ஸி என்றாலும் இஞ்சி பூண்டு அரைக்கும் ஜாரை எடுக்காதீர்கள். அரைத்ததைத் துணியில் சலித்து எடுங்கள், கோரைக்கிழங்கின் நாரும் பயறின் குருணையும் முகத்தில் கீறும்.

செலவு பெரிதில்லை. பயறும் ஓட்ஸும் மஞ்சள் கிழங்கும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினால் 200 ரூபாய்க்குள் முடியும். கிலோக்கணக்கில் அரைத்து வைக்கத் தேவையே இல்லை, இரண்டு மூன்று மாதத்துக்கு வருகிற அளவு போதும்.

5. கை மடிப்பில் ஒரு வாரம்

காதுக்குப் பின்னால் தடவிப் பத்து நிமிடம் பார்ப்பது சோதனை ஆகாது. எரிச்சல் உடனே வரும், ஒவ்வாமை நிதானமாக நாள் கழித்து வரும். இரண்டையும் பிடிக்க வேண்டுமானால் குறைந்தது ஒரு வாரம் வேண்டும்.

ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடிப்பின் உட்பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு, முகத்தில் பூசப்போகும் அதே கனத்தில் தடவி, அதே நேரம் வைத்திருந்து கழுவுங்கள். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, ஏழு முதல் பத்து நாள் வரை, அதே இடத்தில். சிவப்பு, அரிப்பு, சின்னக் கொப்புளம், தடிப்பு எது வந்தாலும் அந்தப் பொருள் உங்களுக்கு இல்லை. வராவிட்டால் அடுத்த பொருளைத் தொடங்குங்கள்.

ஐந்து பொருளைக் கலந்து ஒரே நாளில் சோதிப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. தடித்துப்போனால் ஐந்தில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. கல்யாணம், நிச்சயதார்த்தம் என்று தேதி குறித்திருந்தால் இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள், கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் தொடாதீர்கள். அம்மா சொன்னாலும், பார்லர் அக்கா சொன்னாலும்.

6. கலக்குவதும் வைப்பதும்

பொடி உலர்ந்திருக்கும்வரை பெரிதாகக் கெடாது. தண்ணீரோ தயிரோ பழச்சாறோ பட்ட அந்த நிமிடத்திலிருந்து கிருமி வளர ஆரம்பிக்கும், கடைக் கிரீமில் இருப்பது போன்ற பதப்படுத்தி நம் கலவையில் கிடையாது. அதனால் ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். ஃபிரிஜ்ஜில் வைத்தால் கிருமி மெதுவாக வளரும், வளராமல் இருக்காது. கெட்டுப்போனது எல்லா நேரமும் நாறாது, ஆகவே முகர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கற்றாழை ஜெல்லை அரைத்துப் பாட்டிலில் ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

உலர்ந்த கண்ணாடிக் கிண்ணம், உலர்ந்த ஸ்பூன், கழுவிய கை. ஈரக் கையைப் பொடி டப்பாவுக்குள் விடாதீர்கள். பொடியில் புழுவோ பூஞ்சை வாடையோ கட்டியோ தெரிந்தால் சலித்து மிச்சம் பிடிக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். மழைக்காலத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

7. பூசும் நேரம்

மாலையில் பூசுங்கள், வெளியே போக வேண்டிய வேலை முடிந்த பிறகு. கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் மூக்கு மடிப்பிலும் வேண்டாம், அங்கே தோல் மெல்லியது. முதல் தடவை ஐந்து நிமிடம், அப்புறம் அதிகபட்சம் பத்து. பூச்சு காய்ந்து இறுகி, சிரித்தால் விரிசல் விடும் அளவுக்கு விட்டால் தோலின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்து ஊறவைத்து, தேய்க்காமல் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம். துடைத்த கையோடு வாசனையில்லாத ஈரப்பதக் கிரீமோ கொஞ்சம் வாசலினோ தடவுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறை. தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும், அதற்குள் பலன் தெரியவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள். எரிந்தால் "வேலை செய்கிறது" என்று பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். எரிந்தால் கழுவ வேண்டும்.

8. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்

அதிகம் பேர் விட்டுவிடுவது இதைத்தான், மருத்துவரிடம் போனபோது எங்களுக்கு அதிகம் உதவியிருக்கக்கூடியதும் இதுதான். எங்களிடம் மருத்துவர் கேட்ட கேள்விகள்: என்ன பூசினீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள், பிறகு வெயிலில் போனீர்களா, அதற்கு முன் அந்த வாரம் வேறென்ன பூசினீர்கள். முதல் கேள்விக்கு மட்டும்தான் எங்களிடம் பதில் இருந்தது. குளியல் பொடியில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டபோது பாக்கெட்டே இல்லை, டப்பாவில் கொட்டிவிட்டுக் குப்பையில் போட்டாயிற்று. விசாரிக்கவென்று கடைக்குப் போனால் அவர்களுக்கும் தெரியவில்லை.

தேதி, பொருள், கடை, வைத்திருந்த நேரம், மறுநாள் தோல் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். வாரம் ஒருமுறை அதே ஜன்னல் பக்கத்தில், அதே நேரத்தில், ஃபில்டர் போடாமல் ஒரு போட்டோ எடுங்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தையும் எடுத்து வையுங்கள்.

9. எரிந்தாலோ தடித்தாலோ

உடனே நிறையக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். எண்ணெய்ப் பசையாக இருந்தால் மென்மையான சோப்பைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். எலுமிச்சையோ கார்போகரிசியோ பட்டது என்றால் கழுவிய பிறகும் சில நாள் அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துப்பட்டாவால் மூடினாலும் சரி. சோடா எரிந்தால் எலுமிச்சை, எலுமிச்சை எரிந்தால் சோடா என்று ஒன்றை ஒன்றால் ஆற்றப் பார்க்காதீர்கள், இரண்டு காயமாகும். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

உதடு, கண் இமை வீங்கினால், குரல் மாறினால், மூச்சு வாங்கினால், உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருந்துக் கடையில் போய் "அரிப்புக்கு ஒரு கிரீம் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். பெரும்பாலும் கையில் வருவது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. இரண்டே நாளில் சிவப்பு அடங்கும், அதனாலேயே மாதக்கணக்கில் தொடர்ந்து பூசுவார்கள். தோல் மெலியும், முடி முளைக்கும், பரு கிளம்பும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகச் சிவக்கும். 2018-லேயே இப்படிப்பட்ட பல களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சீட்டில்லாமல் கொடுத்தால் வாங்காதீர்கள்.

10. மருத்துவரிடம் போகும்போது

தானாகச் சரியாகும் என்று எத்தனை நாள் பார்க்கலாம்? லேசான சிவப்பு என்றால் பொருளை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நாள் பார்க்கலாம். கொப்புளம், நீர் வடிதல், வலி, காய்ச்சல், நாளுக்கு நாள் பரவுதல் இருந்தால் மறுநாளே போங்கள். தழும்பு கருத்த பிறகு போனால் மருத்துவராலும் காத்திருக்கத்தான் சொல்ல முடியும்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: அந்த நோட்டு, போட்டோக்கள், பாக்கெட் அட்டை, பூசிய பொடி கொஞ்சம் ஒரு சின்னக் கவரில், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், பழைய சீட்டுகள். மேக்கப் போடாமல் போங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, தமிழ்நாட்டில் புறநோயாளிச் சீட்டுக்குப் பணம் கிடையாது. காலையிலேயே போனால்தான் மதியத்துக்குள் முடியும். ஆதார் அட்டை அல்லது ஏதாவது அடையாள அட்டையும் கைப்பேசி எண்ணும் வைத்துக்கொள்ளுங்கள். தனியாரில் நகரத்துக்கு நகரம் கட்டணம் மாறும், சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை கேட்கிறார்கள். மருந்தும் சன்ஸ்கிரீனும் தனிச் செலவு. மிச்சம் பிடிக்க என்று தொடங்குகிற வீட்டுப் பூச்சு, ஒருமுறை தவறாகிப்போனால் அந்த மிச்சத்தைப் போல பல மடங்கைக் கேட்கும்.

எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. ஒட்டிய பட்டைகளை 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், அப்புறம் 72 அல்லது 96 மணி நேரத்தில் மறுபடி பார்ப்பார்கள். அதாவது ஒரே வாரத்தில் மூன்று தடவை போக வேண்டும், அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கக் கூடாது. அதனால் கோடையில் வைத்துக்கொள்ளாதீர்கள், முடிந்தால் மார்கழி, தை மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் செய்வதில்லை, முன்பே கேட்டுவிட்டுப் போங்கள், செலவையும் சேர்த்துக் கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், முடிவு தப்பாக வரும். தோல் முழுக்க அடங்கிய பிறகுதான் இந்தச் சோதனை செய்வார்கள்.

11. நன்றாக வந்தது, விற்கலாம் என்று தோன்றினால்

தோழிகள் கேட்கிறார்கள் என்று பாட்டிலில் போட்டுக் கொடுக்க ஆரம்பித்து அப்படியே தொழிலாகிவிடும். முகத்திலோ உடம்பிலோ பூச விற்பது காஸ்மெட்டிக்ஸ் விதிகள் 2020-இன் கீழ் வருகிறது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும், சமையலறையில் அரைத்ததற்கு அந்த உரிமம் கிடைக்காது, தனி இடமும் தகுதியுள்ள ஆளும் வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் உணவுக்கானது. அந்த எண்ணை ஒட்டி ஃபேஸ் பேக் விற்கிறவர்களைப் பார்த்தால், வாங்குகிறவராக நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். சும்மா கொடுப்பதானாலும் கலந்த எல்லாப் பொருளின் பெயரையும், அரைத்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி டப்பாவிலேயே ஒட்டிக் கொடுங்கள். வாங்கிக்கொள்பவரிடம் முந்திரி, பாதாம், பால், கோதுமை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.